இறக்கிய சீட்

மலைக் கணவாயில் சைக்கிள் பயணம் போயிருந்த அவள் கணவரைப் பனிச்சரிவு வாரிக்கொண்டு போய்விட்டது. சைக்கிள் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அதை ஹால் சுவர்க் கொக்கியில் மாட்டினாள். தினமும் காலையில் டயரில் பனிக்கட்டி ஒட்டியிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே தரையைத் துடைப்பாள்.

"வித்துத் தொலைங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"உயிரோட இருந்தப்பவே உங்கண்ணன் வீடு தங்கல. இப்ப மட்டும் தங்கிடுவாரா?"

ஒவ்வொரு பயணத்துக்கும் தானும் வருவதாகக் கெஞ்சியிருக்கிறாள். "அந்த உயரத்துல உனக்கு மூச்சு முட்டும்," என்பார். கடைக்குப் போக அவள் இறக்கி வைத்த சீட்டைத் திட்டிக்கொண்டே ஏற்றிவிட்டுக் கிளம்புவார்.

இன்று காலை சீட் அவள் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது.