கப்பலில் வந்தவர்கள்

திரையில் குண்டுகள் பறந்தன. வேற்றுக்கிரகக் கப்பல் தீப்பிடித்துச் சிதறியது.

"பாத்தீங்களா! வந்த விருந்தாளிகள வரவேத்து பூமிக்காரங்க வாணவேடிக்கை விடுறாங்க!" என்றது மைக்.

தரை டிக்கெட்டில் ஒரே கைத்தட்டல்.

நாற்காலியில் இருந்த தமயந்தி டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடைக்கானலில் இங்கிலீஷ் பாடம் எடுப்பவர். விஞ்ஞானப் படம் என்றால் உயிர். அதற்காகவே பஸ் ஏறிப் பெருமாள்மலை தகரக் கொட்டகைக்கு வந்திருந்தார்.

இங்கிலீஷ் படங்களுக்கு மைக்கில் தமிழில் கதை சொல்வது காசிநாதன். வெள்ளைக்காரர் பங்களாவில் பட்லராக இருந்தவர். அந்த மனுஷனா இப்படி? சண்டைப் படத்தில் புளுகியிருந்தால்கூட டீச்சர் விட்டிருப்பார்; விஞ்ஞானப் படத்தில் கை வைத்தால் விடுவாரா?

மேட்னி முடிந்ததும் நேராக முதலாளி சேனாதிபதியிடம் போய் நின்றார்.

"அநியாயங்க! சொந்தக் கிரகம் அழிஞ்சு, தங்க எடம் கேட்டு வர்றாங்க. 'இங்க எடமில்ல, திரும்பிப் போ'ன்னு சுட்டுத் தள்றாங்க. அதை இவரு வாணவேடிக்கைங்கிறாரு! கதையோட உயிரே போச்சு."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏலே காசிநாதா, இங்கிலீசு புரியலையா?"

"புரிஞ்சதுங்க."

"தெரிஞ்சேதான் புளுகினியா? மைக்க வச்சுட்டு வெரசா கெளம்பு. நாளைக்கு வேற ஆளு பாத்துக்கிறேன்."

காசிநாதன் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். டீச்சருக்கு அந்த அழுத்தத்தைப் பார்த்து இன்னும் எரிச்சல் வந்தது.

அப்போது தரை டிக்கெட் பக்கமிருந்து ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.

"கதை சொன்ன ஐயா நீங்கதானே? உள்ள வரும்போது எந்த ஊருன்னு விசாரிச்சீங்களே, நான் ஞானம்மா. போன கெழமதான் மண்டபம் முகாம்லருந்து இங்க எஸ்டேட்டுக்கு வந்தோம். சிலோன்ல 'ஒங்க நாட்டுக்குப் போ'ன்னு கப்பல் ஏத்திட்டாங்க. இங்க வந்தா 'சிலோன்காரிக்கு இங்க என்ன சோலி'ங்கிறாங்க. கப்பல்ல வந்த சனத்த வாங்கன்னு கூப்புட்டத இன்னைக்குத்தான் ஐயா பாத்தேன். புள்ளகூடக் கை தட்டுச்சு."

காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணுதான் வெளங்கல. அந்தச் சனத்துக்கு அப்புறம் வீடு குடுத்தாங்களா?"

முதலாளி டீச்சரைப் பார்த்தார். தான் செய்துவிட்ட காரியம் அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது.

"குடுத்தாங்கம்மா, நெலத்தோட," என்றார் டீச்சர். "இவருதான் அதைச் சொல்லாம விட்டுட்டாரு. நாளைக்கு மைக்குல இவரே அதையும் சேத்துச் சொல்லுவாரு."