பத்து செகண்டுக்கு ஒரு தரம்

காலை பத்தே முக்காலுக்கு மாரத்தானின் போன் ஒரு மாதிரி அலறியது. அடுத்த நிமிஷம் ஆள் சீட்டில் இல்லை. பையைக்கூட எடுக்காமல் படி இறங்கி ஓடிவிட்டார்.

எங்கள் ஆபீஸில் அவருக்குப் பேரே அதுதான். வாரத்துக்கு ஒரு ஓட்டமாவது நிச்சயம். கேட்டால், “ஒரு சின்ன வேலைப்பா” என்பார். “சின்ன வேலையா, சின்ன வீடா?” என்று ஆபீஸே சிரிக்கும். அவர் சீட்டு வேலையையும் சேர்த்து இழுக்கிற எனக்குச் சிரிப்பா வரும்? பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு விடுவதாக இல்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

“சார், அவர் சொந்த பிசினஸ் பண்றார். அதுவும் நம்ம சர்வர்லயே.”

“என்னய்யா சொல்றே?”

“அந்தப் பழைய சர்வருக்கு நாம வாங்கினது பதினாறு ஐபி முகவரி. பதினஞ்சு கஸ்டமருங்ககிட்ட இருக்கு. பதிமூணாவது மட்டும் யார் பேர்லயும் இல்ல. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு கன்டெய்னர் ஓடிட்டே இருக்கு. வச்சது அவர்தான்.”

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சர்வர் ஒரு லாட்ஜ் என்றால் கன்டெய்னர் அதில் ஓர் அறை. மற்ற லாட்ஜில் எல்லா அறைக்கும் சேர்த்து வாசல் ஒன்றுதான். எங்களிடம் ஒவ்வொரு அறைக்கும் தெருவைப் பார்த்துத் தனிக் கதவு, தனி நம்பர்; அந்த நம்பர்தான் ஐபி முகவரி. வருகிறவன் நேரே வந்து தட்டலாம். அந்தக் கதவுக்குத்தான் கிராக்கி.

“கஸ்டமர் முகவரி கேட்டு வரிசையில நிக்கிறான். இவர் ஓசியில ஒண்ணை அமுக்கி வச்சிருக்காரா?” மேனேஜர் எழுந்தே விட்டார். “அழி. அடுத்து நிக்கிற கஸ்டமருக்குக் குடு. ஆள் வரட்டும், நான் பேசிக்கறேன்.”

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். கன்டெய்னரை நிறுத்தி அழித்தேன். புதுக் கஸ்டமரின் கன்டெய்னருக்கு அந்த முகவரியைத் திருப்பினேன். வெளியிலிருந்து தட்டிப் பார்த்தேன், திறந்தது. ஐந்து நிமிஷ வேலைதான், ஆனால் மனசு அப்படிக் குளிர்ந்தது.

பன்னிரண்டரைக்கு அந்தக் கஸ்டமர் கூப்பிட்டார். ஆன்லைனில் துணி விற்பவர்.

“சார், கடையைத் திறக்கறதுக்குள்ள யாரோ கதவைத் தட்டறாங்க! பத்து செகண்டுக்கு ஒரு தரம். வேற ஒண்ணுமில்ல, ‘பத்தொன்பது’ன்னு ஒரு நம்பர் மட்டும் வருது. அரை மணி நேரமா இதே ரோதனை.”

“எவனாவது வேலைவெட்டி இல்லாதவனா இருப்பான் சார். கண்டுக்காதீங்க. கை வலிச்சா தானா போயிடுவான்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“சாப்பிட்டு வந்து பார்க்கறேன்” என்று போனை வைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வரும்போது மாரத்தான் உள்ளே நுழைந்தார். சட்டையில் ரத்தம். மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை.

“வாங்க முதலாளி! பிசினஸ் எப்படிப் போகுது?”

அவர் காதில் வாங்காமல் தன் ஸ்கிரீனைப் பார்த்தார். “பதிமூணு எங்கே?”

“அழிச்சாச்சு. கஸ்டமருக்குக் குடுத்தாச்சு” என்றேன் நான்.

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“சார், போன வருஷம் மூடிட்டுப் போனானே, அலாரம் பட்டன் கம்பெனிக்காரன். உடம்பு முடியாம தனியா இருக்கிறவங்க கழுத்துல மாட்டிக்கிற பட்டன். அமுக்கினா அது தன் நம்பரைச் சொல்லி இந்தப் பதிமூணைத்தான் வந்து தட்டும். முகவரியைப் பட்டனுக்குள்ளயே எழுதித் தொலைச்சிட்டான், மாத்தவே முடியாது. அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொன்னேன். ‘நாம என்ன தர்ம சத்திரமா நடத்தறோம், அழி’ன்னீங்க.”

மேனேஜர் அப்போதுதான் அவர் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

“எனக்குக் கை வரல சார். யார் அமுக்கினாலும் அந்தக் கன்டெய்னர் வழியா என் போன் அடிக்கிற மாதிரி வச்சுக்கிட்டேன். மாசத்துக்கு ஒருத்தருக்குப் புதுப் பட்டன் வாங்கி மாட்டிட்டு வரேன். இன்னும் ரெண்டே பேர்தான் பாக்கி. காலையில அதுல ஒரு அம்மா குளியலறையில விழுந்துட்டாங்க. அவங்களை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுத்தான் வரேன்.”

நான் அவர் பக்கத்தில் போய்க் கேட்டேன். “அந்த இன்னொருத்தர்... அவர் நம்பர் என்ன?”

“பத்தொன்பது. ரிட்டயர்டு பஸ் டிரைவர். பக்கவாதம், பேச்சு வராது. அந்தப் பட்டன்தான் அவருக்கு வாய். விரல் அமுக்கிட்டு இருக்கிற வரைக்கும் பத்து செகண்டுக்கு ஒரு தரம் தட்டிக்கிட்டே இருக்கும். ஏன்டா?”

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு படிக்கு ஓடினார். இந்தத் தடவை அவர் பின்னால் நானும் ஓடினேன்.

பாதிப் படியில் என் போன் அடித்தது. துணி விற்பவர்.

“சார், நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். நீங்க சொன்ன மாதிரியே தானா போயிட்டான். பத்து நிமிஷமா சத்தமே இல்ல!”