அயல் வீட்டில் பத்து நிமிடம்

விறாந்தையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி பத்மாவதி, முன்வீட்டுச் சுஹறா, கதிரையின் கைப்பிடியில் ஒரு கைபேசி, கைபேசிக்குள் மதுரா ரீச்சர்.

பிஸ்கட் தட்டும் இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை.

போர்க்காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் காலம் தள்ளி, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் ஊரோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ஒரு திட்டம் வந்தது. தாய்மாருக்குக் கைபேசியைக் கொடுத்து, மதுரா ரீச்சரைக் கொண்டு அதிலேயே பத்துப் பாடம் நடத்தியது. பத்தும் முடித்தால் கைபேசி சொந்தம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சுஹறாவின் மகள் றிஸ்னா அந்தக் கைபேசியில்தான் கணித வகுப்புப் பார்க்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது. தகப்பன் றியாஸின் கைபேசியில் பொத்தான்களும் ஒரு பாம்பு விளையாட்டும்தான் உண்டு.

ஒன்பது பாடம் முடிந்துவிட்டது. பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு எந்த பஸ், டெங்கு வந்தால் எங்கே போவது, படிவத்தில் எந்தப் பெட்டியை நிரப்புவது. ஒரு கிழமை கூட ஆகவில்லை.

பத்தாவதுதான் பல்லைக் காட்டியது. அயல் வீட்டுக்குள் போய் இருந்து பத்து நிமிடம் கதைக்க வேண்டும். கதைத்ததைப் பதிந்து அனுப்ப வேண்டும்.

மூன்று வருடமாகப் பத்மாவதி எல்லாவற்றையும் படலைக்கு மேலால்தான் முடித்திருந்தார். முருங்கையிலை, இரவல் குடை, பெருநாள் வட்டிலப்பம் எல்லாம் படலை தாண்டும். ஆள் தாண்டியதில்லை. இறைச்சி தின்கிறவர்களை உள்ளே விடக் கூச்சம் என்று ஒழுங்கைச் சனம் சொன்னது. வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இறைச்சியில் என்ன கூச்சம் என்று சுஹறா கேட்டதில்லை.

பதிவு என்றதும் படலை திறந்தது. பத்மாவதி அறைக்குள் போய்ச் சேலை மாற்றி, முகத்துக்குப் பவுடர் பூசி வந்தார். குரலை மட்டும்தான் பதியப் போகிறோம் என்று சொல்லச் சுஹறாவுக்கு மனம் வரவில்லை.

“எமது இல்லத்துக்கு வருகை தந்திருக்கும் உங்களை அன்புடன் வரவேற்கின்றேன்,” என்று கோயில் ஒலிபெருக்கியைப் போலத் தொடங்கினார். பத்து நிமிடமும் அப்படியே போயிற்று.

முதல் நிமிடத்தைக் கேட்டதே ரீச்சருக்குப் போதும்போல. குரல் உடனே வந்தது.

“அம்மா, இது பேச்சுப்போட்டி இல்லை. சும்மா கதையுங்கோ. இன்னொருக்கா.”

“சும்மா கதைக்கிறதெண்டால் பின்னை என்னத்துக்கு நான் சீலை மாத்தினனான்?”

சுஹறா சிரித்துவிட்டாள். பத்மாவதியும் சிரித்தார். இரண்டாம் பதிவு அந்தச் சிரிப்பிலேயே தொடங்கியது.

“உம்மடை மனிசன் விடியக்காலமை மோட்டச்சைக்கிளை உறுமுறது என்னை எழுப்பவோ?”

“அது உறுமினால்தான் அக்கா ஓடும். அவரும் அப்பிடித்தான்.”

பத்மாவதி ரீச்சரைத் திட்டினார், பஸ்காரரைத் திட்டினார், இந்த வருட வெங்காயத்தைத் திட்டினார். கைபேசி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

பாடம் சொன்ன கேள்வி ஒன்று மிச்சம். இருவரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும்.

“அக்கா, நீங்கள் இஞ்சை எப்ப வந்தனீங்கள்?”

பத்மாவதியின் சிரிப்புச் சுருங்கியது.

“தொண்ணூற்றேழிலை. கரவெட்டியிலை எங்கடை வீடு செல்லடியிலை போயிட்டுது. இது பூட்டாமல் கிடந்தது. ஆரின்ரையோ வீடு. ஒருத்தரும் வந்து கேக்கேல்லை, இருக்கிறம்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். “நீர்? இந்த ஊருக்குப் புதுசோ?”

சுஹறா பிஸ்கட் தட்டைப் பார்த்தாள். றிஸ்னாவின் கணிதத்தை நினைத்தாள்.

“புதுசுதான், அக்கா.”

தேத்தண்ணி குடித்து முடிய ரீச்சரின் பதில் வந்தது. “இதுதான் கதை! போன் உங்களுக்குத்தான், சுஹறா.”

சந்தோஷத்தில் சுஹறா இரண்டு கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“விடுங்கோ அக்கா, நான் கழுவிறன்.”

அந்தக் குசினி பகலிலும் இருட்டு. அதன் சுவிச் உள்ளே இல்லை. வெளியே நடையில், அலுமாரியின் மறைவில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வருகிற விருந்தாளிகள் சுவரைத் தடவித் தடவித் தோற்றுப்போவார்கள்.

சுஹறாவுக்கு இரண்டு கையிலும் கோப்பை. போகிற போக்கில் முழங்காலால் தட்டினாள்.

வெளிச்சம் வந்தது.

பின்னால் வந்த பத்மாவதி நின்றுவிட்டார்.

சுஹறா கோப்பைகளைக் கழுவாமலே வைத்தாள். “வாறன் அக்கா, பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்,” என்று முன்கதவுக்கு நடந்தாள். பத்மாவதி அவளை முந்திப் போய்க் கதவில் கை வைத்தார்.

“உந்தச் சுவிச்சைக் கொண்டுபோய் அதிலை வைச்ச விசரன் ஆர், பிள்ளை?”

சுஹறா கைபேசியைப் பார்த்தாள். பதிவு ஓடவில்லை.

“வாப்பா,” என்றாள். “எனக்கு அப்ப மூண்டு வயசு. எட்டோணுமெண்டு வைச்சவர்.”

பத்மாவதி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“இரும். இனித்தான் கதைக்க வேணும்.”

கதவைச் சாத்தி, பூட்டில் திறப்பை இரண்டு தரம் திருப்பினார், சுஹறாவை உள்ளே வைத்து.