பட்டன் டாக்டர்

"அண்ணாச்சி, பட்டன் டாக்டர் அருண்பாண்டியன் கடைக்கு எப்படிப் போணும்?"

கேட்டவர் குருவிகுளத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஆறுமுகத்தாய். கேட்ட இடம், 'இசக்கி லேப்டாப் சர்வீஸ்' என்று எட்டடி நீளத்துக்கு எழுதிய போர்டுக்கு நேர் கீழே. பதில் சொல்ல வேண்டியவர், அந்தக் கடைக்கு முதலாளியும் தொழிலாளியும் கூட்டிப் பெருக்குகிறவருமான இசக்கிப்பாண்டி.

அப்போது அவர் வயிற்றில் பற்றிய நெருப்பைச் சட்டியில் அள்ளியிருந்தால், சங்கரன்கோவிலில் உள்ள ஓட்டல் அத்தனைக்கும் ஒரு வாரம் அடுப்பெரித்திருக்கலாம்.

"பட்டனுக்கு என்னம்மா?"

"லேப்டாப்புல மவுஸ் பட்டன் இடது பக்கம் கல்லு மாதிரி இறுகிட்டு அண்ணாச்சி. அமுக்கி அமுக்கி விரல்தான் வீங்குது."

"இதுக்கு எதுக்கு அங்கன போறீக? இங்கனயே குடுங்க. அடியில பேட்டரி உப்பியிருக்கும். அது கீழ இருந்து முட்டுச்சுன்னா பட்டன் எப்படி அமுங்கும்? அரை மணி நேர வேலை."

டீச்சர் அவரையும் கடையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இல்ல அண்ணாச்சி, எங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் அவர்கிட்டதான் குடுக்கோம். அவரு கை பட்டா பட்டன் பூ மாதிரி அமுங்குது."

"ராஜபாளையம் ரோட்டுல கண்ணாடிக் கதவு போட்டிருப்பான், போங்க. உள்ள ஏசியெல்லாம் உண்டு. லேப்டாப்புக்கு வேர்க்கும்லா!"

இரண்டு வருடமாக இதே கதைதான். சவரக்கடையில் அருண்பாண்டியன் பேச்சு. டீக்கடையில் அவன் பேச்சு. கோமதியம்மன் கோவிலில் புற்றுமண் வாங்கும் வரிசையில்கூட இரண்டு பேர் அவனுடைய பட்டன் வைத்தியத்தைப் புகழ்ந்துகொண்டிருக்க, இசக்கிப்பாண்டி மண்ணும் வாங்காமல் சாமியும் கும்பிடாமல் செருப்பைக்கூட மறந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

பதினொரு மணிக்கு ரிஸ்வான் அகமது ஒரு பெரிய பையோடு வந்து சேர்ந்தான். வெளியூர்க் கடைகளில் இருந்து பழுதான லேப்டாப்புகளைச் சேர்த்துக்கொண்டு வருபவன்.

"அண்ணாச்சி, சிவகிரிச் சரக்கு. அஞ்சு இருக்கு."

"ஏலே ரிஸ்வானு, சிவகிரிக்காரனுக்குத் தெரிஞ்ச என் அருமை இந்த ஊர்க்காரனுக்குத் தெரியலையே! சோத்துக்குக் குறையில்ல மக்கா, பேரு இல்லையே. அந்தப் பய பேரைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதுல ரத்தம் வருது. மாசக் கடைசியில கடையப் பூட்டிட்டு, மச்சான் உரக்கடைக்கு மூட்டை தூக்கப் போறேன்."

ரிஸ்வானுக்கு முகம் வெளுத்துப்போனது. "அப்படிச் சொல்லாதீக அண்ணாச்சி!"

பிள்ளைக்குத்தான் என்மேல் எவ்வளவு பாசம் என்று இசக்கிப்பாண்டிக்குக் கண் கலங்கியது.

மத்தியானம் சோறு கொண்டு வந்த மனைவி கனகலட்சுமியிடம் அவர் ஒரு பழைய லேப்டாப்பை நீட்டினார். அதன் இடது பட்டனுக்குள் காலையிலேயே கருப்பட்டிப் பாகை ஊற்றிக் காயவைத்திருந்தார்.

"ஏட்டி, உன்னை அந்தப் பயலுக்குத் தெரியாது. இதைக் கொண்டு போய்க் குடு. குடுத்துட்டு வந்துராத. என் கண்ணு முன்னாலதான் செய்யணும்னு அடம்பிடி. எந்த ஸ்க்ரூவை முதல்ல கழட்டுதான், என்னத்த ஊத்தித் துடைக்கான், எல்லாத்தையும் பார்த்துட்டு வா. அவன் தொழில் ரகசியம் எனக்குத் தெரிஞ்சாகணும்."

"கல்யாணமாகி இருபது வருசத்துல என்னைய எவன் பார்த்தாலும் இப்படி வயிறெரிஞ்சதில்ல நீங்க."

"உன்னைய எவன் பார்த்தான்? போட்டீ!"

அவள் போனாள். இசக்கிப்பாண்டியின் கை சிவகிரிச் சரக்கிலும் கண் வாசலிலும் இருந்தன. ஒன்றில் பேட்டரி உப்பியிருந்தது, மாற்றினார். இன்னொன்றில் பட்டனுக்கடியில் அரை பாக்கெட் பிஸ்கெட் தூள், பிரஷ்ஷால் தட்டினார். மூன்றாவதில் பட்டன் வயர் நழுவிக் கிடந்தது, நகத்தாலேயே தள்ளி மாட்டினார். பார்க்காமலே செய்யும் வேலைதான். ஆனால் யார் இருக்கிறார்கள், பார்த்து மெச்ச?

ஐந்து மணிக்குக் கனகலட்சுமி திரும்பினாள். வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்னட்டி? சிரிக்கியா அழுதியா? அந்தப் பய என்ன மருந்து போடுதான்?"

"ஒண்ணும் போடலைங்க. டீ வாங்கிக் குடுத்தான். நாளைக்கு வாங்கன்னான். கண்ணு முன்னால செய்யாம நகர மாட்டேன்னு உக்காந்துட்டேன். ரெண்டு மணி நேரம் அந்த ஏசியிலயும் அவனுக்கு வேர்த்து ஊத்துது."

"அவ்வளவு பெரிய ரகசியமா?"

"கடைசியில கதவைச் சாத்திட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். 'அக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க, எனக்குப் பட்டன் வேலை தெரியாது'ன்னான்."

இசக்கிப்பாண்டி எழுந்தே நின்றுவிட்டார். "அப்போ எவன்டீ செய்யுதான்? அவனை நான் பார்க்கணும்!"

"அதையும் கேட்டேன். 'சந்துக்குள்ள இசக்கிப்பாண்டின்னு ஒரு அண்ணாச்சி இருக்காரு, இங்க வர்ற லேப்டாப்பையெல்லாம் சிவகிரிச் சரக்குன்னு சொல்லி நம்ம ரிஸ்வான்கிட்டதான் அவருக்குக் குடுத்தனுப்புவேன். அவரு மாசக் கடைசியில கடையப் பூட்டப்போறாராம், மத்தியானத்துல இருந்து எனக்குச் சோறு இறங்கலக்கா'ங்கான்!"