தவழும் ஜாம்பிகள்

"பலத்துல பத்து, வேகத்துல பத்தா? எல்லாத்தையும் பாதி பாதியா போடுறவன் கல்யாணத்தையும் பாதியில விட்டுட்டுப் போயிடுவான்!"

பியோ போட்ட சத்தத்தில், ஜாம்பி விளையாட்டில் தன் ஆளுக்குக் கிடைத்த இருபது புள்ளிகளைப் பிரித்துக்கொண்டிருந்த கீ-தேயின் கையிலிருந்த மவுஸ் நழுவியது.

தென் கொரியாவின் தேகு நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம். கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையான பி.சி. பாங் நிரம்பி வழிந்தது. வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், ஆளுக்கொரு நூடுல்ஸ் கிண்ணம்.

பியோவுக்கு டாக்ஸி ஓட்டாத நாளெல்லாம் இங்கேதான். மகள் பொ-ரா விரும்பும் பையன் கீ-தேயை ஓட்டலில் வைத்துச் சந்திக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"ஓட்டல்ல எல்லாப் பயலும் நல்லவன்தான். நூறு பிணம் துரத்தும்போது எப்படி நடந்துக்கிறான்னு பார்க்கணும். ஆட்டத்தோட கடைசியில மூணு பேரும் உயிரோட கப்பல் ஏறினா கல்யாணத் தேதி பேசலாம். இல்லைன்னா நூடுல்ஸைச் சாப்பிட்டுட்டு அப்படியே கிளம்பச் சொல்லு."

கீ-தே ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க எதுல போட்டீங்க, ஐயா?"

"இருபதும் பலத்துல! ஒரே அடி, ஒரு பிணம். கட்டாய ராணுவ சேவையில நீ எங்கே இருந்தே?"

"சமையலறையில, ஐயா."

"சமையலறையா? அப்போ ஜாம்பி வந்தா சூப் வச்சுக் கொடுப்பியா?"

பக்கத்தில் இடம் இல்லாததால் பொ-ரா எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனில் மட்டும் குரல் கேட்டது.

"நீ எதுலம்மா போட்டே?" என்றார் பியோ.

"மூச்சுலப்பா. இருபதும்."

"ஓடிப்போறதுக்கா? சரிதான். நீ எங்க பின்னாடியே வா. எதையும் தொடாதே."

"சரிப்பா."

ஆட்டம் ஆரம்பித்தது. சுரங்கப்பாதையில் இருட்டு. முதல் ஜாம்பி நிமிர்ந்து நடந்து வந்தது. பியோ இரும்புக் கம்பியை ஓங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. அடி பிரமாதம். நான்காவதில் அவருடைய ஆளுக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாவது அடி, கொசு உட்கார்ந்த மாதிரி விழுந்தது.

"ஐயா, மூச்சுல ஒரு புள்ளியாவது போட்டிருந்தா..."

"எனக்கே சொல்லித் தர்றியா? அடி, அடி!"

கீ-தே தன் மட்டையால் அடித்தான். அவன் பலத்துக்கு எட்டு அடி தேவைப்பட்டது. அதற்குள் அந்த ஜாம்பி இரண்டு பேரையும் ஆளுக்கொரு கடி கடித்துவிட்டு, கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள இருட்டுக்குள் போய்விட்டது. ஒன்றுக்கே இந்தப் பாடு.

"பொ-ரா எங்கே?" என்றான் கீ-தே பதறி.

"இங்கதான் இருக்கேன். வழி தவறிட்டேன்."

"நிஜத்துலயும் இப்படித்தான்," என்றார் பியோ. "சுத்திச் சுத்தி ஒரே தெருவுக்கு வருவா. விளையாட்டுலயும் அதே கதை!"

அடுத்த திருப்பத்தில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். ஆறு ஜாம்பிகள். ஆறும் தரையில் கிடந்து புரண்டுகொண்டிருந்தன.

"அட, தவழ்ற ரகம்!" பியோ தொடையில் தட்டினார். "புதுசா விட்டிருக்கான்போல. போன வாரம் இது இல்லையே!"

"ஒரே அடியில போயிடுது ஐயா!"

"அதுதாண்டா பலம்."

அதற்குப் பிறகு அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆஸ்பத்திரி மாடியில் தவழ்ந்தன. மீன் சந்தையில் தவழ்ந்தன. பியோ ஒன்றை அடிப்பார், நின்று மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் கீ-தே ஒன்றை அடிப்பான். கடைசியில் இரண்டு பேரும் யாருக்கு எத்தனை என்று எண்ணிக் கத்த, பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொ-ரா மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொலைந்துபோனாள்.

"பின்னாடியே வான்னு சொன்னேனா இல்லையா?"

"வர்றேம்பா. இந்தச் சந்துல திரும்பிட்டேன்."

துறைமுகம். கப்பல் சங்கு ஊதியது. பியோ இருபது, கீ-தே இருபது. ஏணிக்குக் கீழே கடைசியாக ஒன்று தவழ்ந்தது. அது கீ-தேயின் காலடியில் கிடந்தது. அவன் மட்டையை ஓங்கினான். பியோவின் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஐயா, என் மட்டை சிக்கிக்கிச்சு! நீங்க வாங்க!"

பியோ ஒரே போடு போட்டார். இருபத்தொன்று.

மூன்று பேரும் கப்பல் ஏறினார்கள். திரையில் பட்டியல் வந்தது. கொன்றவை: பியோ 21, கீ-தே 20, பொ-ரா 0.

பியோ நாற்காலியை விட்டு எழுந்து, எதிர் வரிசையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணுகூட இல்லையா! முட்டையை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவே?"

"நீங்கதான் எதையும் தொடாதேன்னீங்க."

"அதுவும் சரி." கீ-தேயின் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். "ஒண்ணு கம்மிதான். ஆனா என் பக்கத்துல நின்னு அடிச்சே. போதும். வசந்தத்துல நல்ல நாளா பாரு. இனிமே ஐயா கிய்யா வேணாம், அப்பான்னே கூப்பிடு."

கீ-தேயின் கண் கலங்கிவிட்டது. "சரி... அப்பா."

"வா, சூடா பன்றி சூப் குடிப்போம். பாவம் என் பொண்ணு, உலகம் தெரியாதவ. நாம ரெண்டு பேரும் இல்லைன்னா முதல் சுரங்கத்துலயே போயிருப்பா."

தோளில் கை போட்டபடி இருவரும் வாசலுக்கு நடந்தார்கள்.

பொ-ரா கம்ப்யூட்டரை மூடப் போனாள். பட்டியலின் இரண்டாம் பக்கம் அப்போதுதான் திறந்தது.

'நின்றிருந்த ஜாம்பிகளைத் தரையில் தள்ளியவர்: பியோ 0, கீ-தே 0, பொ-ரா 41.'