ஊர்ப் பொதுமக்கள்

கோர்ட்டு உத்தரவை வாசித்துக்கொண்டே வந்த போலீஸ் ஆய்வாளரின் விரல் ஒரு வரியில் நின்றது. அமலா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டு ரோட்டில் தடுப்புக்கு இந்தப் பக்கம் காலனி ஜனம், அந்தப் பக்கம் போலீஸ். சாலைக்கு எதிரே டீக்கடை வாசலில் ஊர்ப் பெரிய மனிதர் விநாயகமும் அவருடைய ஆட்களும் நின்றிருந்தார்கள். யார் கையிலும் கம்பு இல்லை, டீ கிளாஸ்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வட்டாட்சியர் அலுவலகம் வரைக்கும் ஊர்வலமாகப் போய், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஒரு மனுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சுடுகாட்டுக்கு நேர் வழி ஊர்த் தெரு. அதில் காலனிப் பிணம் போகக் கூடாது என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். போன மழைக்குப் பெரியதம்பியின் மனைவியை நெல்வயலில் இறங்கித்தான் தூக்கிப் போனார்கள். பாடை சரிந்து அந்த அம்மாள் சேற்றில் விழுந்தாள். கழுவித் திரும்பப் படுக்க வைத்தவர்களில் அமலாவும் ஒருத்தி.

ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டபோது, சட்டம் ஒழுங்கு கெடும் என்று மறுத்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுத்தார்கள். பிறகு அமலாவின் புருஷன் இளவழகன் சென்னைக்குப் பஸ் ஏறினான். ஹைகோர்ட்டு, வாய்தா, திரும்பப் பஸ் என்று அலைந்து அவன் பாதி ஆளாகிப் போனான். கடைசியில் நீதிபதி அனுமதி கொடுத்தார். இன்று ஒரு நாள், மதியம் வரைக்கும், மனுவில் கண்டவர்கள் மட்டும், கோஷம் கூடாது.

ஹைகோர்ட்டில் போட்ட அந்த மனுவில்தான் வினை இருந்தது.

இளவழகன் முதலில் ‘காலனி மக்கள்’ என்றுதான் எழுதினான். சென்னை வக்கீல் அதை அடித்துவிட்டு ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று போட்டார். கேட்க நன்றாக இருக்குமாம். பட்டணத்து மனிதருக்கு ஊர் என்றால் எல்லோரும்தான். இந்தப் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு என்பது நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும்.

தெரிந்தும் யாரும் திருத்தச் சொல்லவில்லை. தங்களை ஒரு தாளில் ஊர் என்று பார்த்ததில் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் இப்போது ஆய்வாளரின் விரல் நின்றிருந்தது. அவர் வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர். அதற்காக இந்த ஒரு சொல் அவருக்கு விளங்காமல் போய்விடுமா என்ன?

“ஊர்ப் பொதுமக்களுக்குத்தான் அனுமதின்னு இருக்குது. இதுல ஊர் ஆளு ஒருத்தராவது இருந்தா முன்னால வாங்க, விட்டுர்றேன். இல்லன்னா கலைஞ்சு போங்க.”

டீக்கடையில் சிரித்தார்கள்.

பெரியதம்பி தடுப்பு வரைக்கும் போய், ஒரே பஞ்சாயத்து, ஒரே ஓட்டர் லிஸ்ட், அப்போது நாங்களும் ஊர்தானே சார் என்று கேட்டுப் பார்த்தார். அதைக் கோர்ட்டில் போய்க் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆய்வாளர் மணி பார்த்தார். இளவழகன் வக்கீலுக்குப் போன் போட்டால் அவர் எடுக்கவில்லை.

மதியம் தாண்டினால் அந்த உத்தரவு செல்லாது. மறுபடி மனு, மறுப்பு, பஸ், வாய்தா. அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். காலனியில் சாகக் கிடப்பவர்கள் மழை விடும்வரை காத்திருக்கப் போவதில்லை.

ஊர் ஆள் ஒருத்தர் வேண்டும்.

ஜனம் தலையைக் குனிந்துகொண்டது. யாரும் அமலாவைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் படும் பாடு அவளுக்குத் தெரிந்தது. இளவழகன் மட்டும் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

அவளுக்கும் வேண்டாம்தான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், சாயங்காலம் உலை வைக்கலாம், கதவைச் சாத்தித் தூங்கலாம். அதற்குமேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

பெரியதம்பி தடுப்பைவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

தடுப்பருகே போனாள். வார்த்தை வருமா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வந்துவிட்டது.

“நான் ஊரு, சார். டீக்கடையாண்ட வெள்ளை வேட்டியில நிக்கிறாரே, அவுருதான் எங்க நைனா.”

ஆய்வாளர் டீக்கடைப் பக்கம் திரும்பி, அப்படியா என்று விநாயகத்தைக் கேட்டார்.

விநாயகம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஆமாம் என்றால் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் இளவழகனோடு போன அந்த வாரமே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி, கருமாதி செய்து, தலைமுழுகியவர் அவர். இல்லை என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, எதிரே நிற்பவளுக்கு அப்படியே அவருடைய முகம். ஆய்வாளருக்கு அந்த முகமே போதுமாக இருந்தது.

செத்தவள் செத்தவளாகவே இருக்க வேண்டும், தகப்பன் பெயர் அவள் வாயில் வரக் கூடாது, அப்படி இருக்கும்வரைக்கும் அவளையும் அவள் புருஷனையும் ஒருவரும் தொட மாட்டார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்த பேச்சு அது. அந்தப் பேச்சில்தான் இருவர் உயிரும் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் கையசைத்தார். போலீஸ்காரர்கள் தடுப்பை இழுத்து வழிவிட்டார்கள்.

இளவழகன் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் முன்னால் நடக்க, காலனி மொத்தமும் சத்தமில்லாமல் பின்னால் வந்தது.

டீக்கடைப் பக்கம் பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவை எந்தப் பக்கம் போகின்றன என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.