ஒற்றைத் தையல்

"இன்னொரு தலகாணி வைக்கட்டுமா?"

"போதும்மா. நீ கொஞ்சம் உட்காரு" என்றான் கணவன், மாவுக்கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நீட்டியபடி.

இப்படி ஒரு பெண்டாட்டி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்கும்போதெல்லாம் அவள் காபி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவாள். அந்தக் காலை ஒடித்ததே தான்தான் என்று அவளுக்கல்லவா தெரியும்!

கூடாரம், படுக்கை எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் பைத்தியம் அவனுக்கு. அவள் தம்பிக்கும் அதே வியாதிதான். இந்த முறை ஹேண்டில்பாரில் தொங்கவிடும் பையை அவளே தைத்துத் தந்தாள். வெளியே பழைய மழைக்கோட்டு, மூடிக்குப் பூப்போட்ட குடைத்துணி.

பையின் வாருக்கு இரட்டைத் தையல் போட வேண்டும். பாரம் முழுக்க அதில்தான் தொங்கும். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் இருவருக்கும் சண்டை. லீவு நாளில்கூட வீடு தங்காத மனுஷனுக்கு இதுவே ஜாஸ்தி என்று, ஒற்றைத் தையலோடு நூலை அறுத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "முன்சக்கரம் சட்டுன்னு மாட்டிக்கிச்சு. அப்படியே தூக்கி எறிஞ்சிடுச்சு" என்றான்.

வேறென்ன கேட்க வேண்டியிருக்கிறது? வார் அறுந்து, பை சக்கரத்தில் விழுந்திருக்கிறது. பை எங்கே என்று கேட்டதற்கு, "அதை விடு, இப்ப அதுவா முக்கியம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தெரிந்தும் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறானே என்று அவள் கூனிக்குறுகிப் போனாள்.

இன்று காலையில் தம்பி போன் செய்தான். "அக்கா, மலைக்குக் கிளம்பிட்டேன். இனிமே சிக்னல் இருக்காது. கவலைப்படாதே, நீயும் என்கூடத்தான் வர்றே!"

அவனுக்கு எப்போதும் விளையாட்டுத்தான். "பார்த்துப் போடா, ஒரு கால் ஒடிஞ்சது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இனியும் மூடி வைத்தால் தாங்காது என்று கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். எவ்வளவு வேணா திட்டுங்க. அந்தப் பை வாருக்கு நான் ரெண்டாவது தையல் போடலை. மறக்கலை, கோபத்துல வேணும்னே விட்டேன். உங்க காலை ஒடிச்சது நான்தான்."

சொல்லி முடித்ததும் பொங்கிப் பொங்கி அழுதாள். அவன் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அட லூசு! இத்தனை நாளா இதையா மனசுல வச்சுக்கிட்டிருந்தே? சக்கரம் பள்ளத்துல மாட்டிச்சு. உன் பையை நான் கொண்டுபோகவே இல்லை."

"என்னது?"

"பூப்போட்ட பையைப் பார்த்தா பசங்க கேலி பண்ணுவாங்கன்னு, கடையில ஒண்ணு வாங்கி ஆபீஸ்ல ஒளிச்சு வச்சிருந்தேன். போற வழியில மாத்திக்கிட்டேன். நீ என்னை ராப்பகலாப் பார்த்துக்கிறப்ப, எந்த முகத்தோட சொல்றது? எனக்கும் குத்திக்கிட்டேதான் இருந்துச்சு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபமும் வந்தது, ஆனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"சரியான ஆளுதான் நீங்க! அப்ப என் பை எங்கே?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. முகம் வெளுத்தது.

"உன் தம்பி சைக்கிள்ல."